மடைத்தூணுக்கு இடப்பக்கம்

வாத்து அங்கேதான் இருந்தது. மடைத்தூணுக்கு இடப்பக்கம், தண்ணீருக்கு வெளியே முதுகை நீட்டிக்கொண்டிருந்த சேற்றுத் திட்டில், கழுத்தை வளைத்து இறக்கைக்குள் அலகை நுழைத்துக் கோதிக்கொண்டு நின்றது. புருவத்தில் அந்த வெள்ளைக் கோடு, யாரோ சுண்ணாம்பைத் தொட்டு விரலால் இழுத்துவிட்ட மாதிரி. நீலச்சிறகி, ஆண். ஐப்பசியில் வந்து இறங்கியபோது இதுவும் பெட்டையைப்போலச் சேற்று நிறம்தான், எது ஆண் எது பெண் என்று வாரக்கணக்கில் குழப்பியடித்தது, இப்போது பங்குனி பிறந்து ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில் மாப்பிள்ளைக்கோலம். கூட்டம் போன வாரமே போய்விட்டது. இவன் மட்டும் என்ன யோசனையில் நிற்கிறான், இறக்கையில் ஏதும் கோளாறா, இல்லை இந்த மஞ்சணத்திக்குளத்துப் பாசி அவ்வளவு ருசித்துவிட்டதா, அதைத் தெரிந்துகொள்ளாமல் உலகம்மாளுக்குக் காலைச் சாப்பாடு இறங்காது. அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற வேலை, வாரம் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையாவது நிமிர்ந்து உட்காருவோம் என்றில்லாமல், விடிந்தும் விடியாததுமாகத் தங்கச்சியையும் முக்காலித் தொலைநோக்கியையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு குளத்தங்கரைக்கு வந்து இன்னொரு குழலில் குனிந்துகொள்கிற பிறவி. வாத்து கோதுவதை நிறுத்தி, ஒரு பக்க இறக்கையை மெல்ல விரித்தது. இதோ, இதைத்தான் பார்க்கணும், முழுதாக விரிக்கிறதா பாதியில் நிற்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிற அந்த நேரம் பார்த்து வலது கண்ணில் பூச்சி விழுந்தது. கண்ணைக் கசக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நன்றாகக் கசக்கினாள். கண் பொங்கி வழிந்தது. சரி, இன்னொன்று எதற்கு இருக்கிறது என்று முந்தானையால் வலதைப் பொத்திக்கொண்டு இடது கண்ணைத் தொலைநோக்கியில் வைத்தாள். வாத்து இல்லை.

பறந்துவிட்டதா. பறந்தால் தண்ணீர் கலைந்திருக்குமே, மடையோரம் நாமக்கோழிகள் கத்தியிருக்குமே. "பேச்சி, அங்கன இருந்து ஒண்ணு பறந்துச்சா?" என்று திரும்பாமலே கேட்டாள். கரைமேல் துண்டை விரித்து, ஃப்ளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள், அங்கன்வாடி டீச்சர், அக்காள் சொல்லச் சொல்லப் பறவைப் பெயர்களைப் போனில் ஏற்றுவதற்காக வருகிறவள், "எங்கன?" என்றாள். "மடைத்தூணுக்கு எடப்பக்கம்." "நான் எங்கக்கா பாத்தேன், நான் அந்த வலைக்காரரப் பாத்துக்கிட்டு இருக்கேன். இன்னைக்குக் கெண்ட கெடைக்கும்போல." இவளிடம் கேட்டது தப்பு. உலகம்மாள் குழலை மெல்ல வலப்பக்கம் நகர்த்தினாள், தண்ணீரைத் தடவிக்கொண்டே போனாள், தண்ணீர் இருந்தது, பாசி இருந்தது, ஆனால் எல்லாவற்றுக்கும் நடுவில் பால் டம்ளர் கழுவின தண்ணீர் நிறத்தில் ஒரு மங்கல் கூடவே வந்தது. குழலின் கண்ணாடியில் பனி. மூக்குக்கண்ணாடித் துணியை எடுத்து இரண்டு பக்கமும் துடைத்தாள். மறுபடி பார்த்தாள். மங்கல் இருந்தது. எதிர்க்கரையில் ஈபி கம்பம் வந்தது, வருஷக்கணக்காக அவள் அடையாளத்துக்கு வைத்திருக்கிற கம்பம், அது இடுப்பில் வளைந்து நின்றது. கானல், என்று முடிவுகட்டினாள். வெயிலே ஏறவில்லை, இதில் கானலுக்கு எங்கே போக. காற்றுக்குச் சாய்ந்திருக்கும். நடுவில் மட்டும் சாய்கிற கம்பம் உண்டா. பக்கத்தில் பனை, நெட்டக்குத்தலாக நிற்கிற பனை, அதைப் பார்த்தாள், அதுவும் இடுப்பை வளைத்தது. இரண்டும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி. நீர் வடிந்த வலது கண்ணைத் திறந்து வைத்தாள். கம்பம் நிமிர்ந்தது, பனை நிமிர்ந்தது. இடது, வளைந்தது. வலது, நிமிர்ந்தது. பயம் வருவதற்குள், அதையும் முந்திக்கொண்டு, அவளுக்கே உரிய அந்தக் கெட்ட பழக்கம் தலைநீட்டியது. இது என்னவென்று பார்த்துவிடணும்.

முதலில் குழலை விலக்கினாள். குழல் இல்லாமல், வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, வெறும் இடது கண்ணால் ஆகாயத்தைப் பார்த்தாள். தெற்கேயிருந்து கூழைக்கடாக்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன, இறக்கையை அசைக்காமல், ஒன்றன்பின் ஒன்றாக, மங்கலின் ஓரத்தை எட்டியதும் முதலாவது மூழ்கியது, இரண்டாவது மூழ்கியது, அப்புறம் மங்கலின் அந்தப் பக்கம் முதலாவது வெளியே வந்தது, அலகு முதலில், பிறகு தலை, ஒன்றும் நடக்காததுபோல. உலகம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. கோயில் திருவிழாவில் தேர் ஒரு தெருமுனையில் மறைந்து அடுத்த முனையில் தெரிகிறதைப் பார்க்கிற குழந்தையைப்போல, வேண்டுமென்றே கண்ணை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு கூழைக்கடாவையும் ஓட்டைக்குள் தள்ளி எடுத்தாள். ஓட்டை வட்டமில்லை, ஒரு பக்கம் கொஞ்சம் துருத்திக்கொண்டு அவரை விதைபோல இருந்தது. ஓரத்தில் கோடுகள் நெளிந்தன. கறுப்பாக இருட்டவும் இல்லை, அதுதான் வேடிக்கை, மூளை பக்கத்து ஆகாயத்தை எடுத்து ஒட்டுப்போட்டு ஏமாற்றப் பார்க்கிறது. ரத்தத்தில் மலேரியாக் கிருமியை முதன்முதலாகக் கண்டுபிடித்த அன்று இருந்த அதே பரபரப்பு. அடுத்த நொடி வெட்கமாக இருந்தது. கண் போய்க்கொண்டிருக்கிறது, இவளுக்கு வேடிக்கை. எத்தனை நாளாக, எத்தனை மாதமாக. போன தீபாவளிக்கு வாசலில் கோலம் போட்டாளே, கம்பி கோணவில்லையே. கோணாது, வலது கண் பார்த்துப் போட்டிருக்கும். ஸ்கூட்டர் ஓட்டினாள், ஊசியில் நூல் கோத்தாள், ஒன்றும் தெரியவில்லை, வலது கண் இரண்டு ஆள் வேலையையும் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை மூச்சுவிடவில்லை. பயிற்சிக்காலத்தில் ஞானதாஸ் சார் தலையில் அடித்துக்கொள்வார், "ரெண்டு கண்ணையும் தொறந்து வையும்மா, ஒண்ணு குழல்ல, இன்னொண்ணு சும்மா வெளிய, அப்பத்தான் கண்ணு அசராது." மற்றப் பிள்ளைகள் பழகிக்கொண்டார்கள், உலகம்மாளுக்கு மட்டும் கண்ணாடித்துண்டில் ரத்த அணுக்களோடு மேசைக்காலும் சேர்ந்து மிதந்து தலையைச் சுற்றும். இடதை இறுக்க மூடிக்கொள்வாள். மைக்ராஸ்கோப்பிலும் மூடினாள், அதே பழக்கத்தில் தொலைநோக்கியிலும் மூடினாள். ஆயுசு முழுக்கப் பார்ப்பதே தொழிலாக இருந்தும், ஒரு கண்ணைத் தனியாக ஒரு வேலைக்கும் கூப்பிட்டதில்லை. இன்று கூப்பிட்டபோது அது இப்படி வந்து நிற்கிறது.

வலதும் இப்படி ஆகிவிட்டால். அந்த நினைப்பை வரவிடாமல் நாமக்கோழிகளைப் பார்த்தாள், நெற்றியில் வெள்ளை நாமத்தோடு மடையோரம் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டிருந்தன, இரண்டு கண்ணாலும் பார்த்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது, அதுதான் பயமாக இருந்தது, எல்லாம் சரியாக இருப்பது. சர்க்கரை கிடையாது, அதை அவளே மாதாமாதம் சோதித்துக்கொள்கிறாள். பரம்பரையில் யாருக்கும் கண் கோளாறு கிடையாது. அப்பாவுக்குப் புரை இருந்தது, உரித்து எடுத்தார்கள், அது வேறு. அம்மா கடைசிவரை கண்ணாடிகூடப் போட்டதில்லை. எனக்கென்ன கண்ணாடி, நல்லாத்தான் தெரியுது என்பாள். பேச்சி வீட்டில்தான் அம்மா இருந்தாள், உலகம்மாள் போகிற போதெல்லாம் சொளகும் அரிசியுமாகக் கதவடியில் உட்கார்ந்திருப்பாள், கையால் தடவித் தடவிக் கல் பொறுக்குவாள், முகம் தெருவைப் பார்த்திருக்கும். சோற்றில் கல் கடித்து ஒரு தரம் உலகம்மாள் சள்ளென்று விழுந்தாள், "அரிசியப் பாத்துப் பொறுக்கக்கூடாதாம்மா, தெருவுல யாரு போறா வாராண்ணு பாக்கவா சரியா இருக்கு?" அம்மா தெருவைப் பார்த்தபடியே, "பாத்துத்தான பொறுக்குதேன்" என்றாள். அரிசி மட்டுமா, பெற்ற மகளையும் அவள் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்துப் பேசமாட்டாள். எதிரே போய் உட்கார்ந்தால் தலையைத் திருப்பிக்கொள்வாள், சுவரில் தொங்குகிற காலண்டரைப் பார்த்துக்கொண்டு, "வந்தியா, சாப்பிட்டியா" என்று காலண்டரிடம் கேட்பாள். அது ஏன் என்று உலகம்மாளுக்குத் தெரியும், யாரும் சொல்லவேண்டியதில்லை. மாமா மகனைக் கட்டமாட்டேன் என்று, வெற்றிலை மாற்ற வந்தவர்கள் அத்தனைபேர் முன்னாலும் எழுந்து உள்ளே போய்விட்டாளே, அம்மாவின் கூடப்பிறந்தவர் அன்றைக்குப் படியிறங்கினவர்தான், அம்மாவின் சாவுக்குத்தான் வந்தார். அதை அம்மா மன்னிக்கவில்லை. மன்னிக்காவிட்டால் போகிறாள் என்று இவளும் மூக்குமுட்டக் கோபத்தை வைத்துக்கொண்டு, மாதம் ஒருதரம் போவது இரண்டு மாதம் ஒருதரம் ஆகி, கடைசிக் காலத்தில் தீபாவளி பொங்கல் என்று ஆகிப்போனது. என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காதவளிடம் மூஞ்சியைக் காட்டுவானேன் என்று பேச்சியிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பாள். "ஒன்ட்ட மட்டுமாக்கா, அம்மா எல்லார்ட்டயும் அப்படித்தான்" என்பாள் பேச்சி, சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று இவள் எடுத்துக்கொள்வாள். ஒரு இடம் மட்டும் எப்போதும் இடிக்கும். பேச்சியின் கல்யாணம், அது அந்தச் சண்டைக்கு அப்புறம்தானே, அன்று அம்மா இவள் தலையில் பூவைச் செருகி, மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, நேருக்கு நேர் பார்த்து, "நீயும் ஒருத்தனப் பாத்துக் கெட்டிக்கோட்டி" என்றாளே. கண் கலங்கியிருந்தது. அப்படியென்றால் முகம் திருப்பியது எப்போதிருந்து. சண்டைக்கு எத்தனையோ வருஷம் கழித்து. இரண்டையும் முடிச்சுப்போட்டது யார். அம்மா போடவில்லை.

இந்த நினைப்பெல்லாம் எதற்கு, வாத்தைப் பார்க்க வந்தோம், வாத்தைப் பார்ப்போம். குழலை மறுபடி மடைப்பக்கம் திருப்பினாள். வலது கண் தெளிந்திருந்தது, அதால் பார்த்தாள், நீலச்சிறகி அங்கேயேதான் நின்றது, பறக்கவும் இல்லை ஒன்றுமில்லை, இப்போது ஒற்றைக்காலில். சரி, இதே இடத்தில், குழலை அசைக்காமல், இடது கண். இல்லை. திட்டு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, மாப்பிள்ளையைக் காணோம். உற்றுப் பார்க்கப் பார்க்க இன்னும் நன்றாகக் காணாமல்போனது. மடைத்தூண் வளைகிறதா என்று பார்க்கலாமே என்று வாத்தை விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் வலப்பக்கம், தூணுக்கு நகர்த்தினாள். தூணின் நடுப்பகுதி கரைந்தது, மேலும் கீழும் வளைந்தது, அது கிடக்கட்டும், இடது ஓரத்தில் என்னமோ வெள்ளையாக அசைந்தது. வாத்து. புருவக்கோடு. உலகம்மாள் சட்டென்று அதைப் பார்த்தாள், போய்விட்டது. தூணைப் பார்த்தாள், வந்தது. இறகு இறகாகத் தெரியவில்லை, ஆனால் நிற்பது தெரிந்தது, கழுத்தை நீட்டுவது தெரிந்தது, காலை மாற்றி ஊன்றுவது தெரிந்தது, நேராகப் பார்க்கிறவர்களுக்குத் தப்பிவிடக்கூடிய சின்ன அசைவும் ஓரத்தில் நன்றாகவே தெரிந்தது. பார்க்கணும் என்றால் பார்க்கக்கூடாது. தூணைப் பார்த்தால் வாத்து, வாத்தைப் பார்த்தால் ஒன்றுமில்லை. விநோதமாக இருக்கிறதே என்று, சிறுபிள்ளைபோல அதையே செய்துகொண்டிருந்தாள், தூண், வாத்து, தூண், வாத்து, எந்த அளவு திருப்பினால் தெளிவாக இருக்கிறது, கண்ணை மட்டும் திருப்பினால் வலிக்கிறது, தலையையும் கூடத் திருப்பினால் சுகமாக இருக்கிறது, கொஞ்சம் வலப்பக்கம், இன்னும் கொஞ்சம், கதவடியில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிற மாதிரி, சுவரில் காலண்டரைப் பார்க்கிற மாதிரி.

குழலிலிருந்து முகத்தை எடுத்துவிட்டாள். குளம் முழுக்க வெயில் பரவியிருந்தது. வலைக்காரர் தண்ணீரைத் தட்டிக்கொண்டு வந்தார், உள்ளான்கள் சேற்றோரம் ஓடி ஓடிக் கொத்தின. மெலிஞ்சுட்ட. அம்மா அதைச் சொன்னாள். கடைசிப் பொங்கலுக்குப் போனபோது. உலகம்மாள் டைபாய்டில் விழுந்து எழுந்திருந்தாள், யாருக்கும் சொல்லவில்லை, பேச்சிகூடக் கவனிக்கவில்லை, வந்தவளுக்குக் காப்பி போடுகிற மும்முரத்தில் இருந்தாள். அம்மா காலண்டரைப் பார்த்தபடி, ரொம்ப நேரம் பார்த்தபடி, "மெலிஞ்சுட்டட்டி" என்றாள். பாக்காமலே சொல்றதப் பாரு என்று இவள் உதட்டைச் சுழித்துக்கொண்டாள், அந்தச் சுழிப்பையும் அம்மா பார்த்திருப்பாள். கழுத்தெலும்பு துருத்தியிருந்ததை, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததை, எல்லாவற்றையும் காலண்டர் ஓரத்தில் வைத்துத் தேடித் தேடிப் பார்த்திருக்கிறாள். கண் தெரியவில்லை என்று மகளிடம் சொல்ல மனமில்லை, அல்லது பாரமாகிவிடுவோம் என்று பயம், அல்லது அவளுக்கே என்னவென்று தெரியவில்லை, மகளைப் பார்க்கிற வழி இது என்று மட்டும் தெரிந்தது. எத்தனையோ வருஷம், இவள் வந்து எதிரே உட்கார்ந்தபோதெல்லாம் அம்மா செய்த முதல் காரியம் இவளைப் பார்த்ததுதான். அதற்குத்தான் இவள் கோபித்துக்கொண்டு போகாமல் இருந்தாள். உலகம்மாளுக்கு அழவேண்டும்போல இருந்தது, கொஞ்சம் அழவும் செய்தாள், பூச்சி விழுந்த கண்ணிலும் விழாத கண்ணிலும் ஒன்றுபோலத் தண்ணீர் வந்தது. சொல்லவேண்டாம் என்று ஒரு எண்ணம் ஓடியது. வலது கண் இருக்கிறதே, வேலை நடக்கிறதே, சொன்னால் பேச்சி வண்டிச் சாவியைப் பிடுங்குவாள், குளத்துக்கு விடமாட்டாள், மைக்ராஸ்கோப்பு போகும், இந்தக் குழல் போகும். அம்மாவும் இப்படித்தான் உட்கார்ந்து யோசித்திருப்பாள்.

பேச்சி கெண்டை மீன்களைப் பனையோலைக் குட்டானில் வாங்கி வைத்துவிட்டு, ஃப்ளாஸ்க் மூடியில் டீயை ஊற்றிக்கொண்டு எதிரே வந்து குத்தவைத்தாள். "இந்தா, குடி. எத்தனைண்ணு போட, ஒரு வாத்துக்கு எவ்வளவு நேரம்." உலகம்மாள் டீயை வாங்கினாள். வலது கண்ணை மூடினாள். பேச்சியின் சேலை இருந்தது, வளையல் இருந்தது, காதில் கம்மல் இருந்தது, முகம் இருக்கவேண்டிய இடத்தில் பால் டம்ளர் கழுவின தண்ணீர். மெதுவாகத் தலையை வலப்பக்கம் திருப்பி, தூரத்தில் மடைத்தூணைப் பார்த்தாள். இடது ஓரத்தில் தங்கச்சி வந்தாள். நெற்றி வகிட்டில் நரை இவ்வளவு எப்போது ஏறியது, மூக்குத்தியைக் கழற்றிவிட்டிருக்கிறாளே, எப்போது, ஏன் சொல்லவில்லை, கேட்கணும்.

"என்னக்கா," என்றாள் பேச்சி. "எதுக்கு மொகத்தத் திருப்புத. மீனு வாங்குனதுக்குக் கோவமா?"

உலகம்மாள் திரும்பவில்லை.

"சொல்லுக்கா. அம்மா மாதிரியே பண்ணாத, எனக்கு என்னமோபோல இருக்கு."

"கோவமில்லட்டி. இப்படித் திருப்புனாத்தான் ஒம் மொகம் தெரியுது."

 பேச்சியின் கை ஃப்ளாஸ்க்கின் உள்மூடியைத் திருகி மூடுவது ஓரத்தில் தெரிந்தது, மூடின பிறகும் திருகிக்கொண்டே இருந்தது. "எந்தக் கண்ணு?"

"எடது. இப்பத்தான் கண்டுபிடிச்சேன். வலது நல்லாருக்கு."

"நாளைக்கே கண்ணாஸ்பத்திரி. லீவு சொல்லு. வண்டிய நான் ஓட்டுதேன்." என்றவள் நிறுத்தினாள். வேறு குரலில், "அப்போ அம்மா," என்றாள்.

"ஆமா."

"எக்கா, எத்தன வருசம் நான் கூடவே இருந்தேன்."

"ஒனக்கு எப்படித் தெரியும். எனக்கே இன்னைக்கு ஒரு வாத்து சொல்லித்தான் தெரியும்."

பேச்சி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, சேலையை உதறி, என்ன நினைத்தாளோ, கரையில் இப்படி ஓரடி அப்படி ஓரடி வைத்தாள். "இங்கன நின்னா தெரியுதேனா?"

"இல்ல."

"இங்கன?"

"இன்னுங் கொஞ்சம் எடப்பக்கம் போ," என்றாள் உலகம்மாள், மடைத்தூணை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இன்னுங் கொஞ்சம். ஆங். அங்கனயே நில்லு."